சிங்கப்பூருக்குக் குடிபெயரும் குடும்பங்கள்: பிள்ளைகளுக்குப் பள்ளி இடம் தேடுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தம் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூர் வரும் குடும்பங்களுக்காக எழுதியது இது. பிள்ளை குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாமல், சார்ந்திருப்போர் அட்டையில் (டிபெண்டன்ட்ஸ் பாஸ்) வருகிறது என்ற அடிப்படையில் பதில்கள் அமைந்துள்ளன.

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று முதலில் பார்க்க வேண்டாமா?

வேண்டாம். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். பிள்ளையின் பிறந்த தேதி, நீங்கள் வந்து சேரும் மாதம், உங்கள் சம்பள ஒப்பந்தத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு இடம் உண்டா என்ற மூன்றும்தான் உங்களுக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பதை முடிவு செய்யும். அரசாங்கப் பள்ளிகளில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் போக மீதமுள்ள இடங்களே கிடைக்கும். கையில் காசு இருந்தாலும், முந்தைய பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

அட்டையையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்தால்தான் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சார்ந்திருப்போர் அட்டை கேட்க முடியும். அந்த அட்டை இருந்தால் தனியாக மாணவர் அட்டை எடுக்கத் தேவையில்லை.

என் பிள்ளை இங்கே எந்த வகுப்பில் சேரும்?

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. வகுப்பு வயதைப் பொறுத்தது. சுலபமான கணக்கு: சேரும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து, அதிலிருந்து 6-ஐக் கழியுங்கள். 2018 மார்ச்சில் பிறந்த குழந்தை 2027 ஜனவரியில் சேர்ந்தால் 2027 − 2018 − 6 = 3, அதாவது தொடக்கநிலை (பிரைமரி) 3. ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்களை மட்டும் முந்தைய ஆண்டில் பிறந்தவர்களோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

பெற்றோர் மனம் சங்கடப்படும் இடம் இது. ஊரில் 5 வயது முடிந்ததும் 1-ஆம் வகுப்பில் சேர்த்திருந்தால், மேலே சொன்ன அதே குழந்தை 2026 ஜூனில் 4-ஆம் வகுப்புக்குப் போயிருக்கும். பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்து 3-இல் உட்காருவதைப் பார்த்தால் ஒரு வருஷம் வீணாவதுபோல் தோன்றும். வீணாவதில்லை. கூட உட்காரும் பிள்ளைகள் எல்லாரும் அதே வயதுதான். கணிதமும் ஆங்கிலமும் எதிர்பார்ப்பில் குறைந்தவை அல்ல. மேல் வகுப்பு கேட்டு வாதாடுவதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

பிள்ளைக்கு வயது 6. தொடக்கநிலை 1-இல் சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் வரிசையில் கடைசியாக. தொடக்கநிலை 1 பதிவு பல கட்டங்களாக நடக்கும். ஜூலையில் முதல் கட்டம் தொடங்கும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதிந்து முடித்த பிறகுதான் வெளிநாட்டு மாணவர்களுக்கான 3-ஆம் கட்டம், அக்டோபர் வாக்கில் வரும்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு முந்தைய படியில். 3-ஆம் கட்டத்தில் பங்குபெற, மே இறுதி, ஜூன் தொடக்கம் என்ற வாக்கில் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் விருப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும். அது திறந்திருப்பது சில நாள்களே. அக்டோபரில்தானே பதிவு என்று செப்டம்பரில் விசாரிப்பவர்களுக்கு அந்த ஆண்டின் வாய்ப்பு போய்விட்டது. படிவம் கொடுத்தவர்களுக்கும் இடம் உறுதி இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வழி, தொடக்கநிலை 2-க்கான நுழைவுத் தேர்வு.

அந்த நுழைவுத் தேர்வு என்ன?

ஏஇஐஎஸ் என்று எல்லாரும் சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்களை அரசாங்கப் பள்ளிகளில் சேர்ப்பதற்காகக் கல்வி அமைச்சு நடத்தும் தேர்வு. ஆங்கிலம், கணிதம் இரண்டே பாடங்கள். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும், உயர்நிலை (செகண்டரி) 1 முதல் 3 வரையும் சேர இதை எழுத வேண்டும். விண்ணப்பம் ஆண்டின் நடுவில் திறக்கும், தேர்வு செப்டம்பர்–அக்டோபர் வாக்கில், முடிவு ஆண்டு இறுதியில், பள்ளி ஜனவரியில். தேர்வு சிங்கப்பூரில்தான் நடக்கிறது, ஆகவே ஊரில் இருக்கும் பிள்ளையை அழைத்து வந்தாக வேண்டும். கட்டிய தேர்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

இதைத் தவறவிட்டவர்களுக்கு பிப்ரவரி–மார்ச்சில் ஒரு துணைத் தேர்வு உண்டு. அதில் வகுப்புகள் குறைவு: தொடக்கநிலை 2 முதல் 4, உயர்நிலை 1, 2 மட்டும். தேறினால் அதே ஆண்டின் நடுவில் சேரலாம்.

தொடக்கநிலை 6-க்கும் உயர்நிலை 4-க்கும் இந்த வழியே இல்லை. அவை தேசியத் தேர்வு எழுதும் வகுப்புகள். உங்கள் பிள்ளை அந்த வயதில் வருகிறது என்றால் அனைத்துலகப் பள்ளியைப் பாருங்கள், அல்லது ஊரில் அந்த ஆண்டை முடித்துவிட்டு வரச் செய்யுங்கள்.

தேர்வுக்கு எப்படித் தயார்ப்படுத்துவது? ஊரில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை.

நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளும் இங்கே தடுமாறுகிறார்கள். கூட்டல் பெருக்கல் தெரியாமல் அல்ல, கேள்வியைப் படித்து என்ன செய்வது என்று பிடிபடாமல். ஒரு கணக்கைப் பாருங்கள்:

ரவியிடம் மாலாவைவிட 3 மடங்கு கோலிகள் இருக்கின்றன. இருவரிடமும் சேர்த்து 96. இருவரிடமும் சமமாக இருக்க வேண்டுமானால் ரவி மாலாவுக்கு எத்தனை கோலிகள் கொடுக்க வேண்டும்?

இங்குள்ள பிள்ளைகள் கட்டம் வரைவார்கள். ரவிக்கு ஒரே அளவில் 3 கட்டம், மாலாவுக்கு 1 கட்டம். மொத்தம் 4 கட்டம் 96 என்றால் ஒரு கட்டம் 24. ரவி ஒரு கட்டத்தை மாலா பக்கம் நகர்த்தினால் ஆளுக்கு 2. விடை 24. சமன்பாடு எதுவும் தேவைப்படவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்து பழகிய பிள்ளை 96-ஐ 3-ஆல் வகுத்து 32 என்று எழுதிவிடும். இந்தக் கட்ட முறையைப் பழக்க நான்கைந்து மாதமாவது கொடுங்கள். சிராங்கூன் சாலைப் பக்கமும் பிராஸ் பசா வளாகத்திலும் உள்ள புத்தகக் கடைகளில் வகுப்புவாரியாகப் பயிற்சி நூல்கள் கிடைக்கும். வகுப்புக்கு ஒரு நூலை முழுதாக முடிப்பது, ஐந்து நூலைப் புரட்டுவதைவிட மேல்.

ஆங்கிலத்தில் வாசிப்பும் எழுத்தும் முக்கியம். கேள்வி-பதிலை மனனம் செய்து பழகிய பிள்ளைக்கு, முன்பின் பார்க்காத ஒரு பத்தியைப் படித்து ‘ஏன் அவன் அப்படிச் செய்தான்’ என்று சொந்த வாக்கியத்தில் எழுதுவது சிரமம். தினமும் ஏதாவது ஒரு கதையைப் படித்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். தவறுகளை நீங்களே திருத்தி எழுதிக் கொடுக்காமல், கோடிட்டு மட்டும் காட்டுங்கள்.

அறிவியல் இந்தத் தேர்வில் இல்லை என்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. இங்கே தொடக்கநிலை 3-இலேயே அறிவியல் தொடங்கிவிடுகிறது. 5-இல் சேரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுப் பாடம் பின்தங்கியிருக்கும், தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வான பிஎஸ்எல்இ-க்கு இரண்டு ஆண்டுகூட முழுசாக இராது. ஆகவே முடிந்தால் 5-க்கு முன்பே சேர்க்கப் பாருங்கள். 5-இல்தான் என்றால் முடிவுக்குக் காத்திருக்கும் நவம்பர், டிசம்பரில் 3, 4-ஆம் வகுப்பு அறிவியலைப் படிக்க வையுங்கள்.

தேறிவிட்டால் பள்ளியை நாங்கள் தேர்ந்தெடுக்கலாமா?

இல்லை. தேர்வில் செய்த விதம், காலியிடம், வசிக்கும் முகவரி ஆகியவற்றைப் பார்த்து அமைச்சு ஒரு பள்ளியை ஒதுக்கும். ஏற்கலாம், மறுக்கலாம்; மறுத்தால் வேறொன்று தரமாட்டார்கள். தேறியும் இடமில்லாமல் போவது உண்டு. பக்கத்து வீட்டார் புகழ்ந்த பள்ளி கிடைக்கவில்லை என்று மறுத்துவிட்டு ஓராண்டு காத்திருப்பது எங்கள் பார்வையில் தவறான முடிவு. ஆசிரியர்களைக் கல்வி அமைச்சு பயிற்றுவித்துப் பணியில் அமர்த்துகிறது. பாடத்திட்டம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்று.

முடிவு வரும்வரை பிள்ளை எங்கே படிப்பது?

இதற்கான விடை பயணச்சீட்டு எடுக்குமுன் கையில் இருக்க வேண்டும். வேலை கிடைத்தவர் முதலில் வந்து, பிள்ளையும் மற்றொரு பெற்றோரும் ஊரில் பள்ளி ஆண்டை முடித்துவிட்டு ஏப்ரலில் வருவது ஒரு வழி. ஏப்ரலில் வந்தால் செப்டம்பர் தேர்வுக்குத் தயாராக அவகாசமும் இருக்கும். குடும்பமாகச் சேர்ந்து வருவதென்றால் இங்குள்ள சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளியில் சேர்த்துவிட்டு அங்கிருந்து தேர்வு எழுத வைக்கலாம். தேறாவிட்டாலும் படிப்பு நிற்காது. வீட்டிலேயே உட்கார வைத்துத் துணைப்பாடம் மட்டும் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைக்கு நண்பர்களே இல்லாமல் போகிறது. தேறாமல் போனால் ஓர் ஆண்டுக்கான மதிப்பெண் அறிக்கையும் இருக்காது.

கட்டணம்?

அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் குடிமக்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் அதிகபட்சம் 13 வெள்ளி பல்வகைக் கட்டணம் மட்டும். நிரந்தரவாசிகளுக்கு ஒரு விகிதம், ஆசியான் நாட்டவர்க்கு இன்னொன்று, பிறநாட்டவர்க்கு ஆக அதிகம். மலேசியக் குடும்பங்கள் ஆசியான் விகிதத்தில் வருவார்கள். இந்திய, இலங்கைக் குடும்பங்கள் கடைசி வகை. கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது, உயர்நிலையில் தொடக்கநிலையைவிட மிக அதிகம். நீங்கள் தங்கப்போகும் ஒவ்வோர் ஆண்டுக்கும், பிள்ளையின் அந்தந்த வகுப்புக்கும் அமைச்சின் பட்டியலைப் பார்த்துக் கூட்டிப் பாருங்கள். இந்த ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொண்டவர்கள் பிள்ளை உயர்நிலைக்குப் போகும்போது திணறுகிறார்கள்.

அனைத்துலகப் பள்ளிகளில் எதைப் பார்ப்பது?

முதலில் பாடத்திட்டம். இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்புவது உறுதி என்றால் சிபிஎஸ்இ உள்ள குளோபல் இந்தியன் பள்ளி, டிபிஎஸ் (டெல்லி பப்ளிக் பள்ளி) போன்றவை பொருந்தும். இங்கிருந்து வேறு நாட்டுக்கு மாற்றலாக வாய்ப்பிருந்தால் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) அல்லது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் எங்கேயும் தொடர உதவும். டோவரிலும் தெம்பனிசிலும் உள்ள யுனைடெட் வேர்ல்ட் காலேஜ், உட்லண்ட்சின் சிங்கப்பூர் அமெரிக்கன் பள்ளி, போர்ட்ஸ்டவுனின் டாங்லின் டிரஸ்ட் ஆகியவை பெயர் பெற்றவை, கட்டணமும் அதற்கேற்ப. நிறுவனம் கட்டணத்தை ஏற்காத குடும்பங்கள் அந்தப் பக்கம் போகுமுன் 12-ஆம் வகுப்புவரை கணக்குப் போட வேண்டும்.

அடுத்து, ஆண்டுத் தொடக்கம். சிபிஎஸ்இ பிரிவுகள் ஏப்ரலில், அமெரிக்க, ஐபி பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்டில், ஆஸ்திரேலியப் பாடத்திட்டம் ஜனவரியில். நடுவில் சேர்த்துக்கொள்வார்கள் என்றாலும் எந்த வகுப்பில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பிக்கும்போது கடந்த இரண்டு ஆண்டு மதிப்பெண் அறிக்கை கேட்பார்கள். பல பள்ளிகள் தற்போதைய ஆசிரியரின் பரிந்துரையை நேரடியாகத் தங்களுக்கே அனுப்பச் சொல்லும். விண்ணப்பம் வாரக்கணக்கில் தேங்குவது இதனால்தான்: ஊரில் கோடை விடுமுறை, ஆசிரியர் கையில் இல்லை, பள்ளிக்கு மின்னஞ்சல் முகவரியே இல்லை. மார்ச் மாதத்திலேயே ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன கட்டணத்துக்கும் கடைசியில் கட்டியதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் பயிற்றுக் கட்டணம் மட்டும். விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், வைப்புத்தொகை, வசதிக் கட்டணம், பேருந்து, சீருடை, மடிக்கணினி, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. பேருந்து மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வரலாம். பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. சொன்ன தொகையில் அது அடக்கமா என்று கேளுங்கள். ‘முதல் ஆண்டில் நாங்கள் உங்களுக்குக் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு?’ என்ற ஒரே கேள்விக்கு எழுத்துமூலம் பதில் வாங்கினால் போதும்.

தனியார் கல்வி நிலையங்கள் பெற்றோருடன் வழக்கமான மாணவர் ஒப்பந்தம் ஒன்று செய்ய வேண்டும். கையெழுத்திட்டபின் 7 வேலை நாள் மனம் மாறும் அவகாசம் உண்டு. கட்டிய பணத்தைக் காக்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை அதில் தேடிப் படியுங்கள். வேலை போய் மூன்று மாதத்தில் ஊர் திரும்ப நேர்ந்தால் இந்த விலகல் விதிதான் ஒரு தவணைக் கட்டணத்தைக் காப்பாற்றும்.

என்ன ஆவணங்கள் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மதிப்பெண் அறிக்கைகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, சார்ந்திருப்போர் அட்டைக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம். ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருப்பதும், தந்தை பெயரின் முன்னெழுத்து கடவுச்சீட்டில் விரிந்து வேறுவிதமாக இருப்பதும் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். நகராட்சியில் திருத்துவதை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள், இங்கிருந்து செய்வது பெரும்பாடு.

தடுப்பூசியில் கவனம். வெளிநாட்டில் பிறந்து, நீண்டகால அட்டைக்கு விண்ணப்பிக்கும் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் தடுப்பூசி போட்டதை 2019 பிப்ரவரி முதல் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு தவணையின் தேதியும் ஊசியின் பெயரும் மருத்துவர் முத்திரையும் அட்டையில் தெளிவாக இருக்கட்டும். ‘பூஸ்டர் போட்டாயிற்று’ என்று தேதியில்லாமல் எழுதியிருந்தால் செல்லாது.

தமிழ் படிக்க முடியுமா? கட்டாயமா?

அரசாங்கப் பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம். தமிழ், மலாய், சீனம் தவிர, தமிழரல்லாத இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகியவையும் உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் தமிழாசிரியர் இருப்பதில்லை. அப்படியான பள்ளி ஒதுக்கப்பட்டால் பள்ளி நேரத்துக்குப் பிறகு வேறொரு நிலையத்துக்குச் சென்று படிக்க வேண்டிவரும். உயர்நிலை மாணவர்களுக்கு உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்படிப்பட்ட ஓரிடம். வேறு மொழிச் சூழலில் வளர்ந்து தாமதமாகச் சேரும் பிள்ளைகளுக்கு விலக்கு கேட்கலாம்.

சென்னையிலோ பெங்களூரிலோ தமிழை எடுக்காமல் இந்தி படித்த பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை தொடக்கநிலை 2, 3-இல் சேர்ந்தால் தமிழே எடுக்கட்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இங்கே பேச்சுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் கொடுக்கிறார்கள்; வாய்மொழித் தேர்வு உண்டு. எழுத்து பிறகு வந்து சேரும்.

வீட்டை முதலில் எடுப்பதா, பள்ளியையா?

பள்ளி தெரிந்தபின் வீடு. இங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. பொங்கோலில் வீடு எடுத்துவிட்டு ஜூரோங்கில் பள்ளி கிடைத்தால் பிள்ளை விடியற்காலை 5 மணிக்கே எழ வேண்டியிருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குக் குறைந்தது 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம் என்பது விதி. முதலில் குறுகிய காலத்துக்கு எடுங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தவிர்க்க முடியாததென்றால், வேலை மாறி நாடு திரும்ப நேர்ந்தால் ஓராண்டுக்குப்பின் விலகலாம் என்ற பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்காக நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

கட்டணம் குறையும், பதிவில் முன்னுரிமை கூடும். ஆனால் பெற்றோருடன் சேர்ந்து நிரந்தரவாசியாகும் மகனுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. சேவை செய்யாமல் தகுதியைக் கைவிட்டால் பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ அவன் கேட்கும் விண்ணப்பங்களைப் பாதிக்கும். மகன் இருக்கும் வீட்டில் இதைப் பேசி முடிவெடுத்த பிறகே கையெழுத்திடுங்கள்.

முகவர் ஒருவர் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

அரசாங்கப் பள்ளி இடத்தை யாரும் வாங்கித் தர முடியாது. விண்ணப்பம் நீங்களே இணையத்தில் செய்யக்கூடியது. தேர்வுக்கான துணைப்பாட நிலையம் ‘தேர்ச்சி உறுதி’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஊர் திரும்பும்போது சிக்கல் வருமா?

சிபிஎஸ்இ-யில் 9-ஆம் வகுப்பிலேயே 10-க்கான பதிவு நடக்கிறது. 11, 12-க்கும் அதே முறை. ஆகவே 9-ஐ இங்கேயும் 10-ஐ அங்கேயும் படிக்க நினைப்பது கதவை மூடிக்கொள்வது. 8 முடிந்தோ 10 முடிந்தோ திரும்புங்கள். உயர்நிலை 3-இல் அரசாங்கப் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளை கையில் எந்தத் தேர்வுச் சான்றிதழும் இருக்காது. இங்கே உயர்நிலை முடிவில் எழுதும் ‘ஓ’ நிலை, ‘என்’ நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக 2027 முதல் எஸ்இசி என்ற பொதுச் சான்றிதழ் வருகிறது. அதை முடித்துவிட்டுப் போகத் திட்டமிடுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி முடிந்ததும்?

தொடக்கப்பள்ளி காலை 7:30 வாக்கில் தொடங்கிப் பிற்பகல் 1:30–2 மணிக்கு முடிந்துவிடும். பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளுக்குள்ளேயே மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது; மாலை 7 மணிவரை பார்த்துக்கொள்வார்கள். அதற்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. பள்ளி ஒதுக்கிய கடிதம் வந்த அன்றே, சீருடை வாங்குவதற்கு முன்பாக, அந்த நிலையத்தை அழைத்துப் பெயர் கொடுங்கள். இடமில்லை என்றால் அக்கம்பக்கத்துப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடக்கும் நிலையங்களை விசாரியுங்கள். பல நிலையங்கள் பள்ளி வாசலுக்கே வந்து பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. சைவம் சாப்பிடும் பிள்ளை என்றால் மதிய உணவு என்ன தருவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். பள்ளி உணவகத்தில் சைவக் கடை எல்லா இடத்திலும் இருக்காது, முதல் வாரங்களில் டப்பா கட்டிக் கொடுப்பது நல்லது.